நம்பிக் கெட்டவங்களை விட நம்பாமக் கெட்டவங்கதான் அதிகம்

நடுவர் அவர்களே, எங்க அணித் தலைவர் அக்கா அவர்களே, எதிரணியில உட்கார்ந்திருக்கிற அண்ணன் தம்பிகளே, பொங்கல் வேலையெல்லாம் முடிச்சுட்டு இந்தப் பனியில தெருவுல நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற ராயபுரத்துப் பெரியவங்களே, தாய்மார்களே, மாடியில நின்னு கேட்கிற பிள்ளைங்களே, எல்லாருக்கும் என் வணக்கம்.

"இந்தக் காலத்தில் நமக்குப் பாதுகாப்பு எது? மனிதரை நம்புவதா, யாரையும் நம்பாமல் இருப்பதா?" இதுதான் தலைப்பு. நம்புறதுதான்னு சொல்ல நான் வந்திருக்கேன். எதிரணியில ரெண்டு பேர் பேசிட்டாங்க. நல்லாத்தான் பேசினாங்க. தீபாவளிச் சீட்டு கட்டி ஏமாந்த கதையைச் சொன்னாங்க. கொரோனா காலத்துல ஒரு டாக்டர் உடம்பைப் புதைக்க விடாம அடிச்சுத் துரத்தினதைச் சொன்னாங்க. நியூயார்க்ல ஒரு பொண்ணைக் கத்தியால குத்தினப்போ 38 பேர் ஜன்னல்ல நின்னு வேடிக்கை பார்த்தாங்கன்னு சொன்னாங்க. கடைசியா, "வெள்ளம் வந்தா எல்லாரும் நல்லவங்கதான், வெள்ளம் வடிஞ்சா பாருங்க"ன்னு முடிச்சாங்க. கைதட்டல் பலமா இருந்துச்சு. ஏன்னா இங்க உட்கார்ந்திருக்கிற யாருமே ஏமாறாதவங்க இல்ல. அந்த வலி எனக்கும் தெரியும். அதனால எதையும் தள்ளிவிட்டுப் போகாம ஒவ்வொண்ணா எடுத்துக்கிறேன்.

முதல்ல சீட்டு. நம்பி ஏமாந்தாங்கன்னு சொன்னீங்க. சரி. ஆனா நம்ம தெருவுல சீட்டு பிடிக்கிற அக்காங்க எத்தனை பேர்? மாசம் பொறந்தா நாலு பேர் வீட்டுத் திண்ணையில கூடுவாங்க. யாருக்கு அவசரமோ அவங்க கொஞ்சம் குறைச்சுத் தள்ளி எடுப்பாங்க. அந்தத் தள்ளுபடிதான் கசர், அது போக மீதியை எல்லாரும் கட்டுவாங்க. பத்திரம் உண்டா? வக்கீல் உண்டா? ஒரு நாப்பது பக்க நோட்டு, அதுல பேரு, பேருக்கு நேரா ஒரு டிக். அந்தப் பணத்துலதான் எத்தனை பொண்ணுங்களுக்குக் காது குத்து, கல்யாணம், காலேஜ் பீஸ் நடந்திருக்கு. அதெல்லாம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகல, அதனால செய்தியாவும் ஆகல. ஏமாத்தினவன் எப்படி ஏமாத்த முடிஞ்சுது? ஒழுங்கா நடத்தின இந்த அக்காங்க சம்பாதிச்சு வெச்ச பேரை அவன் திருடினான். திருடன் எடுத்துட்டுப் போனதே, அந்தப் பொருள் இங்க இருந்ததுக்குச் சாட்சி.

இன்னொண்ணு. அந்த அக்கா நோட்டு போடுறாங்க பாருங்க, அதுக்குப் பேரு அவநம்பிக்கை இல்ல, ஜாக்கிரதை. எதிரணி ரெண்டையும் ஒரே மூட்டையில கட்டுறாங்க. விசாரிக்காம நம்புறதும் கெடுதல், விசாரிச்சுத் தெளிஞ்ச பிறகும் சந்தேகப்படுறதும் கெடுதல்னு நம்ம பெரியவங்க ரெண்டையும் சேர்த்துத்தான் சொல்லி வெச்சாங்க. எதிரணி முதல் பாதியை மட்டும் எடுத்துட்டு வந்திருக்காங்க.

நடுவர் அவர்களே, யாரையும் நம்பாம இருக்கிறதுதான் பாதுகாப்புன்னு அவங்க சொல்றாங்க. அப்படி ஒரு மாசம் நம்ம பக்கத்துல நடந்துச்சு. 2018 மே மாசம். பிள்ளை பிடிக்கிறவங்க வந்திருக்காங்கன்னு வாட்ஸ்அப்புல ஒரு வதந்தி. பார்த்தவங்க நாலு பேருக்கு அனுப்புனாங்க. "யாரையும் நம்பாதே, ஜாக்கிரதை"ன்னு போட்டுத்தான் அனுப்புனாங்க. எதிரணி சொல்ற பாதுகாப்பு அதுதானே? என்ன ஆச்சு? இங்கேருந்து வடக்கால கொஞ்ச தூரத்துல இருக்கிற பழவேற்காட்டுல, ஊருக்குப் புதுசா வந்த ஒரு ஆளை அடிச்சே கொன்னு பாலத்துல தொங்கவிட்டாங்க. அவரு யாருன்னு யாருக்கும் தெரியாது, அது ஒண்ணுதான் அவரு செஞ்ச குத்தம். அதே வாரம் திருவண்ணாமலை பக்கம், நம்ம சென்னையிலேருந்து குலதெய்வம் கோயிலுக்குப் போன ஒரு பாட்டியம்மா, வழியில விளையாடிட்டிருந்த குழந்தைங்களுக்கு சாக்லேட் கொடுத்தாங்க. அதைப் பார்த்துட்டு ஊரே கூடி அடிச்சுது. 65 வயசு அம்மா. செத்துப் போயிட்டாங்க.

நம்ம வீட்டுப் பாட்டிங்க எல்லாம் தெருக் குழந்தைக்கு முறுக்கு கொடுத்துத்தான் பழகினவங்க. அந்தக் கையைப் பார்த்து பயப்படச் சொன்னது எது? சந்தேகம். சந்தேகம் நம்மளைக் காப்பாத்தும்னா அந்த அம்மா உயிரோட இருந்திருக்கணும். அடிச்சவங்க நல்லா இருந்திருக்கணும். அவங்களும் ஜெயிலுக்குத்தான் போனாங்க.

இப்போ அந்த டாக்டர் விஷயம், வேலங்காடு இடுகாட்டுல நடந்தது. எதிரணி தம்பி அதைச் சொல்லும்போது இங்க ஒரு சத்தம் இல்ல. 2020 ஏப்ரல். கொரோனாவுல செத்துப்போன ஒரு மூளை நரம்பு அறுவை சிகிச்சை டாக்டர். நோயாளியைப் பார்த்தே நோய் வாங்கினவரு. அவரு உடம்பை எடுத்துட்டுப் போன ஆம்புலன்ஸைக் கல்லால அடிச்சாங்க. டிரைவருங்களுக்கு மண்டை உடைஞ்சுது. அது நம்ம ஊருக்கு அவமானம், நான் மறைக்க மாட்டேன். ஆனா தம்பி அங்கேயே நிறுத்திட்டாரு. அந்த ராத்திரி அங்க முடியல. அடிபட்டு ஓடினவங்கள்ல அவரோட சக டாக்டர் ஒருத்தர் இருந்தாரு. அவரு வீட்டுக்குப் போகல. ஆஸ்பத்திரி ஊழியர் ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டு, ஆம்புலன்ஸைத் தானே ஓட்டிக்கிட்டு, அதே இடுகாட்டுக்கு நடு ராத்திரியில திரும்பிப் போனாரு. மண்வெட்டி எடுத்து வெட்டி, மண்ணைக் கையால தள்ளிக் குழியை மூடி, நண்பரை அடக்கம் பண்ணிட்டுத்தான் வந்தாரு. மறுநாளே நடிகர் விஜயகாந்த், தன்னோட காலேஜ் நிலத்துல இடம் தர்றேன், அங்க புதைச்சுக்கோங்கன்னு சொன்னாரு. அப்புறம் அந்த ரெண்டு வருஷமும், பெத்த பிள்ளை கிட்டப் போக முடியாத உடம்புகளைக் கவச உடை போட்டுக்கிட்டுத் தூக்கினவங்க யாரு? தன்னார்வலருங்க. முஸ்லிம் பசங்க இந்து உடம்பைக் கொள்ளி வைக்கிற இடம் வரைக்கும் தூக்கிட்டு வந்ததை நம்ம மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குப் பக்கத்துல இருக்கிறவங்களைக் கேளுங்க. கல்லெடுத்தவன் மனுஷ சுபாவம்னா, மண்வெட்டி எடுத்தவரு யாரு? அவரு வேற கிரகத்துலேருந்து வந்தாரா?

அந்தக் கல்லையும் எடுக்க வெச்சது எது? புதைச்சா மண்ணு வழியா நோய் பரவும்னு ஒரு வதந்தி. மறுபடியும் அதே பயம், அதே சந்தேகம்.

நியூயார்க் கதைக்கு வர்றேன். 1964 மார்ச். கிட்டி ஜெனோவீஸ்னு ஒரு இளம்பெண். 38 பேர் பார்த்துட்டு சும்மா இருந்தாங்கன்னு நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்துல போட்டுச்சு. உலகம் பூரா பாடப் புத்தகத்துல அதை வெச்சாங்க. "கூட்டத்துல யாரும் உதவ மாட்டான்"னு அதிலேருந்து ஒரு கொள்கையே உண்டாச்சு. ஆனா அன்னைக்கு ராத்திரி ஒருத்தரு ஜன்னலைத் திறந்து "அந்தப் பொண்ணை விடு"ன்னு கத்தினதுல அந்தக் கொலைகாரன் ஒரு தடவை ஓடிப்போனான். சோஃபியா ஃபாரர்னு பக்கத்து வீட்டு அம்மா, கொலைகாரன் இன்னும் அங்கேயே இருக்கானா போயிட்டானான்னு தெரியாமலே படியிறங்கி ஓடி, அந்தப் பொண்ணைக் கையில தாங்கிப் பிடிச்சுக்கிட்டு ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் உட்கார்ந்திருந்தாங்க. அந்தப் பொண்ணு தனியா சாகல. அந்த 38ங்கிற கணக்கும் ஊதிப் பெருக்கினது. அன்னைக்குப் போட்ட செய்தியில குறை இருந்துச்சுன்னு அதே பத்திரிகை 2016-ல ஒத்துக்கிச்சு. அம்பது வருஷத்துக்கு மேல ஒரு தப்பான கதையைச் சொல்லியே மனுஷனைக் கெட்டவன்னு நம்ப வெச்சிருக்காங்க, நடுவர் அவர்களே. சோஃபியா அம்மா பேரைப் பாடத்துல லேசுல பார்க்க முடியாது.

சரி, நிஜமா என்ன நடக்குதுன்னு ஆராய்ச்சிக்காரங்க பார்த்தாங்க. இங்கிலாந்துல லங்காஸ்டர், ஹாலந்துல ஆம்ஸ்டர்டாம், தென்னாப்பிரிக்காவுல கேப் டவுன். மூணு ஊர்லயும் தெருச் சண்டை பதிவான சிசிடிவி படங்களை எடுத்துப் போட்டுப் பார்த்தாங்க. மொத்தம் 219 சண்டை. பத்துல ஒன்பது சண்டையில, சுத்தி நின்னவங்கள்ல ஒருத்தராவது உள்ள வந்து விலக்கவோ உதவவோ பார்த்திருக்காங்க. கூட்டம் சேரச் சேர, யாராவது ஒருத்தர் வர்றது அதிகமாத்தான் ஆகுது. நம்ம தெருவுல சண்டை வந்தா நடுவுல போய் நின்னு "விடுப்பா, விடு நைனா, குழந்தைங்க இருக்குது"ன்னு கையைப் பிடிக்கிற பெரியவரு கேப் டவுன்லயும் இருக்காரு.

அப்புறம் அந்தக் கடைசி வாதம். வெள்ளம் வந்தாத்தான் நல்லவங்க, மத்த நாள்ல இல்ல. 2015 டிசம்பர்ல காசிமேட்டுலேருந்தும் மத்த குப்பங்கள்லேருந்தும் படகை லாரியில ஏத்திக்கிட்டு, தெருவே தெரியாத ஏரியாவுக்கெல்லாம் போய் மாடியிலேருந்து ஜனங்களை இறக்கினாங்களே, அதை எதிரணியே ஒத்துக்கிட்டாங்க, சந்தோஷம். 2023 டிசம்பர்ல மழை வெள்ளத்தோட எண்ணெய் வந்து எண்ணூர் ஆத்துல படிஞ்சப்போ, மீனவங்க படகுல நின்னு மக்குலயும் வாளியிலயும் அந்தக் கறுப்பு எண்ணெயை அள்ளினாங்க. அதையும் விட்டுடுறேன். வெள்ளம் இல்லாத நாளுக்கே வர்றேன்.

வியாசர்பாடியில டாக்டர் திருவேங்கடம். ஸ்டான்லியில படிச்சவரு. ரெண்டு ரூபாய்ல ஆரம்பிச்சு அஞ்சு ரூபாய்க்கு மேல வாங்காம வைத்தியம் பார்த்தாரு. 2020 ஆகஸ்ட்ல தவறிட்டாரு. வண்ணாரப்பேட்டையில டாக்டர் ஜெயச்சந்திரன். அவரும் அஞ்சு ரூபாய் டாக்டர்தான், 2018 டிசம்பர்ல போனாரு. ஒரு ஏரியாவுக்கு ஒருத்தர் இருந்தா அதிசயம்னு சொல்லலாம். நம்ம பக்கத்துலயே ரெண்டு பேர். வெள்ளத்துக்கு ஒரு நாள் இல்ல, நாப்பது வருஷத்துக்கு மேல, ஒவ்வொரு சாயங்காலமும். காய்ச்சல்காரக் குழந்தையைத் தோள்ல போட்டுக்கிட்டு வரிசையில நின்ன அம்மாக்கள் இந்தக் கூட்டத்துலயே இருப்பீங்க.

இதை விட சின்னதா ஒண்ணு சொல்றேன். எங்கம்மா மீன்காரம்மா. விடியக் காத்தால காசிமேட்டுல ஏலம் எடுப்பாங்க, தண்டையார்பேட்டை மார்க்கெட்டுல உட்கார்ந்து விப்பாங்க. ஏலத்துல கையில காசு இல்லன்னா, "சாயங்காலம் தர்றேண்ணா"ன்னு ஒரு வார்த்தை. ஏலம் விடுறவரு கூடையைத் தள்ளிவிட்டுட்டு அடுத்த கூடைக்குப் போயிடுவாரு. எங்கம்மாவுக்கு வயித்துல ஆபரேஷன் ஆச்சு. படுத்த படுக்கை. அவங்க உட்கார்ற இடத்தை இன்னொருத்தர் பிடிச்சிருக்கலாம், மார்க்கெட்டுல இடம்னா அப்படி ஒரு போட்டி. பக்கத்துல உட்கார்றவங்க மூணு பேரும் என்ன பண்ணாங்க தெரியுமா? எங்கம்மா அன்னக்கூடையை அதே இடத்துல வெச்சாங்க. தங்களோட மீன்ல கொஞ்சம் அதுல போட்டு, "இது அவ கூடை"ன்னு சொல்லி வித்தாங்க. சாயங்காலம் அவங்கள்ல ஒருத்தங்க வீட்டுக்கு வந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து, மீன் கவுச்சி அடிக்கிற நோட்டையும் சில்லறையையும் எங்கம்மா தலையணைக்கு அடியில வெச்சிட்டுப் போவாங்க. எண்ணிப் பாருன்னு கூடச் சொல்ல மாட்டாங்க. அந்தக் காசுலதான் நான் ஸ்கூலுக்குப் போனேன். அந்த மூணு பேருக்குள்ள வாரத்துல நாலு நாள் சண்டை நடக்கும், அதையும் சொல்லிடுறேன். காது கொடுத்துக் கேட்க முடியாத சண்டை. நல்லவங்கன்னா சண்டையே போடாதவங்கன்னு நெனைச்சுக்கிட்டு நாம தேடுறதாலதான் யாருமே கண்ணுல படுறதில்ல.

இந்த இடத்துல ஒரு ஆராய்ச்சியைச் சொல்லியே ஆகணும், ஏன்னா அது மீனவங்களைப் பத்தினது. பிரேசில் நாட்டு வடகிழக்குப் பக்கம் ரெண்டு வகை மீனவங்க இருக்காங்க. ஒருத்தர் ஏரியில மீன் பிடிக்கிறவங்க. சின்னப் படகு, தனி ஆள், தனி வலை. இன்னொருத்தர் கடலுக்குப் போறவங்க. கடல்ல தனியாப் போக முடியாது, கூட்டாத்தான் போகணும். ரெண்டு பேரும் அக்கம்பக்கத்து ஊர்க்காரங்க. ஆராய்ச்சிக்காரங்க அவங்க கையில காசு கொடுத்து, யாரு யாரை எவ்வளவு நம்புறாங்கன்னு சோதிச்சுப் பார்த்தாங்க. கடல்காரங்க அதிகமா நம்பினாங்க, அதிகமா விட்டுக் கொடுத்தாங்க. ஒருத்தர் கடல்ல எத்தனை வருஷம் கூடுதலா இருந்தாரோ, அந்த அளவுக்கு அந்தக் குணமும் கூடியிருந்துச்சு. ஏரிக்காரங்ககிட்ட அப்படி இல்ல.

இது நமக்கு என்ன சொல்லுது? மனுஷன் நல்லவனா கெட்டவனான்னு கேட்கிறதே அரைக் கேள்வி. எப்படி வேலை செய்யறான், யாரோட சேர்ந்து செய்யறான்னு கேளுங்க. நம்ம விசைப்படகுல டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழிச்சு மீதியைப் பங்கு போடுறாங்களே, வலை இழுக்கும்போது பக்கத்துல இருக்கிறவன் கையை விட்டா நீ கடல்லன்னு தெரிஞ்சுதானே இழுக்கிறாங்க, அங்கதான் நம்பிக்கை வளருது. நாம இப்போ ஆளுக்கொரு ஏரியைக் கட்டிக்கிட்டு, கதவைச் சாத்திக்கிட்டு, செல்போன்ல ஊர்க் குத்தத்தை எல்லாம் பார்த்துட்டு, "மனுஷனே சரியில்ல"ங்கிறோம்.

மணி அடிச்சுட்டாங்க, தெரியுது நடுவர் அவர்களே. ரெண்டு விஷயம் சொல்லிட்டு இறங்கிடுறேன்.

நாம ஒருத்தரை ஒருத்தர் நம்பாம இருந்தா யாருக்கு லாபம்? ஊர் ரெண்டு பட்டா கூத்தாடிக்குக் கொண்டாட்டம். பெரம்பூர் பின்னி மில்லு, இங்க எத்தனை பேரோட தாத்தா அங்க வேலை பார்த்தாங்க! சாப்பிட அரை மணி நேரம் கொடுத்து வேலை வாங்கினாங்க. செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடுன்னு ரெண்டு வியாபாரிங்க தொழிலாளி குறையைக் காது கொடுத்துக் கேட்டாங்க. அவங்களுக்கு அதுல என்ன வேலை? பம்பாய்ல பொறந்த பார்சிக்காரர் வாடியாகிட்டப் போய் சொன்னாங்க. திரு.வி.க. கூட நின்னாரு. 1918 ஏப்ரல் 27, சென்னைத் தொழிலாளர் சங்கம். இந்தியாவுல ஒழுங்கா அமைஞ்ச முதல் தொழிற்சங்கம்னு சரித்திரத்துல எழுதியிருக்கு, அது நம்ம பக்கம் பொறந்துச்சு. மூணே வருஷத்துல, 1921 வேலை நிறுத்தத்துல என்ன ஆச்சு? ஆதிதிராவிடத் தொழிலாளிங்க தனியாப் பிரிஞ்சாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன். தீண்டாமையைக் கடைப்பிடிச்ச கூட்டாளியை அவங்க எப்படி நம்புவாங்க? அந்தப் பிளவு முதலாளிக்கு வசதியாப் போச்சு. புளியந்தோப்புல குடிசை எரிஞ்சுது, துப்பாக்கிச் சூடு நடந்துச்சு, உயிர் போச்சு. மாசக்கணக்கா பட்டினி கிடந்தவங்க தோத்துப்போய் வேலைக்குத் திரும்பினாங்க. மனுஷனை நம்புன்னு நான் சொல்றது சும்மா புன்னகை பண்ணச் சொல்றது இல்ல. அடுத்தவன் நம்மளை நம்புற மாதிரி முதல்ல அவனை சமமா உட்கார வைக்கணும். அன்னைக்கு அது நடந்திருந்தா கதை மாறியிருக்கும்.

ரெண்டாவது, இது என் மனசுல ரொம்ப நாளா இருக்கிறது. நான் டீச்சர். என்கிட்ட படிச்ச ஒரு பையன் பி.காம். முடிச்சான், நல்ல மார்க். ஒரு கம்பெனி இன்டர்வியூ. எல்லாம் சரியாப் போய்க்கிட்டிருந்துச்சு. "வீடு எங்க?"ன்னு கேட்டிருக்காங்க. "வியாசர்பாடி சார்"னான். எதிர்ல இருந்தவரு பேனாவை மூடி வெச்சுட்டாராம். அதுக்கப்புறம் ஒரு கேள்வி இல்ல. அடுத்த இன்டர்வியூவுக்கு அவன் அண்ணா நகர்ல இருக்கிற அத்தை வீட்டு அட்ரஸைப் போட்டான். என்கிட்ட வந்து, "தப்பா டீச்சர்?"னு கேட்டான். நான் என்ன சொல்ல?

எதிரணி அண்ணன்களே, பார்க்காமலே கெட்டவன்னு முடிவு பண்றது என்னன்னு இந்த ஊருக்கு நீங்க சொல்லித் தர வேண்டியதில்ல. ரவுடி, கத்தி, குப்பம்னு மத்தவங்க நம்மைப் பத்திப் பேசினதையே தின்னு வளர்ந்தவங்க நாம. அதே பார்வையை நாம எடுத்து, எதிர் வீட்டுக்காரன் மேலயும், வேலை தேடி வடநாட்டுலேருந்து கொருக்குப்பேட்டையில வந்து இறங்கியிருக்கிற பையன் மேலயும் திருப்புறதைத்தான் பாதுகாப்புன்னு இங்க வாதாடுறீங்க.

இந்தக் கூட்டத்துல கடை வெச்சிருக்கிறவங்க இருக்கீங்க, கம்பெனியில ஆள் எடுக்கிற இடத்துல இருக்கிறவங்களும் இருக்கீங்க. அந்தப் பையனுக்கு இன்னும் வேலை கிடைக்கல. கணக்கு நல்லாப் போடுவான், கம்ப்யூட்டர்ல கணக்கு எழுதுற டேலி தெரியும், காலையில சொன்ன நேரத்துக்கு வருவான். மேடைக்குப் பின்னால நாற்காலி எடுத்துப் போட்டுக்கிட்டு நிக்கிறான். வீடு வியாசர்பாடிதான். கூட்டம் முடிஞ்சதும் அவன்கிட்ட வந்து பேசுங்க, நான் பக்கத்துலயே இருக்கேன். நன்றி, வணக்கம்.